எனக்குக் கரடி என்று பெயர் வந்த கதை

(நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பு இந்த ஆண்டு கெங்குவார்பட்டியில் மலையடிவாரத் தோப்பு ஒன்றில் நடைபெற்றது. அன்று பிற்பகல் நிகழ்த்திய உரை, பேச்சு நடை மாறாமல் இங்கே தரப்படுகிறது.)

 

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாமர நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் பேச யாரும் முன்வர மாட்டார்கள். அதனால்தான் செயலாளர் என்னைப் பிடித்தார். "உன் ஊர்லதான் மீட்டிங். நீதான் பேசணும். இருபது நிமிஷம். தலைப்பு உன் இஷ்டம்" என்றார். பக்கத்தில் நின்ற நண்பர், "அவன் தலைப்புதான் ஊருக்கே தெரியுமே, கரடி!" என்றார். (சிரிப்பு)

ஹாஸ்டலில் என் சொந்தப் பெயர் வார்டன் நோட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி நான் கரடி. ஜூனியர்களுக்குக் கரடி அண்ணன். என் கல்யாணத்துக்கு நம் ஆட்கள் வைத்த பேனரில் "கரடிக்குக் கால்கட்டு" என்று எழுதியிருந்தார்கள். பெண் வீட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். (சிரிப்பு) இந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். தெரியாது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலாண்டில், ஹாஸ்டலுக்கு வந்த இரண்டாம் வாரம். இரவில் எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து அவரவர் ஊர்ப் பெருமை பேசுவோம். சென்னைப் பையன்கள் பீச்சைச் சொன்னார்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் அப்பாவின் மில்லைச் சொன்னார்கள். ஒருவன் ஏழாம் வகுப்பிலேயே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்ததாகச் சொன்னான். என் முறை வந்தது. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில், கொடைக்கானல் பாதை பிரிகிற காட்ரோட்டுப் பக்கத்தில் ஒரு ஊர். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, மஞ்சளாறு, தலைக்கு மேல் மலை. இதைச் சொன்னால் யார் வாயைப் பிளப்பார்கள்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "நான் கரடி வளர்த்திருக்கேன்."

அன்றைக்கு ஆறு மாதம் வளர்த்ததாகச் சொன்னேன். இரண்டாம் ஆண்டில் அது ஒன்றரை வருஷம் ஆயிற்று. மூன்றாம் ஆண்டில், நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டில் விட்டேன் என்று சேர்த்துக்கொண்டேன். கடைசி ஆண்டில், நான் லீவுக்குப் போனால் அது தோப்பு வேலி வரைக்கும் வந்து என்னை மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பும் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். பத்துத் தடவை சொன்னபிறகு நானே பாதி நம்பினேன்.

நண்பர்களே, அத்தனையும் பொய். ஒரு கரடிக்குட்டி இருந்தது நிஜம். அது என்னிடம் இருந்தது மூன்று ராத்திரி. நான்காம் நாள் விடிகாலையில் செத்துப்போனது.

1998-ஆம் வருஷம். நான் ஐந்தாம் வகுப்பு. மா பூத்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியப்பா மகன் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் புளியம்பழம் பொறுக்க மலையடிக்குப் போனோம். ஓடைக் கரையில் பெரிய பாறைகள் கிடக்கும். ஒரு பாறை இடுக்கில் தேனீக்கூட்டம் மாதிரி 'ம்ம்ம்' என்று சத்தம். தேனடைதான் என்று நினைத்து எட்டிப் பார்த்தோம். இரண்டு கரடிக்குட்டிகள். நாய்க்குட்டி அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு முடி, மூஞ்சி மட்டும் வெளிறிய நிறம். ஒன்று உள்ளே ஓடிவிட்டது. இன்னொன்றை அண்ணன் சட்டையைக் கழற்றிப் போர்த்திப் பிடித்துவிட்டான். சுற்றுமுற்றும் பார்த்தோம். தாயைக் காணோம். "அநாதைக் குட்டிடா, பாவம்" என்றான். அப்படி நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

வீட்டுக்குத் தூக்கி வந்ததும் அப்பத்தா ஒரு பார்வை பார்த்தது. "அநாதையாவது கினாதையாவது! ஆத்தாக்காரி இரை தேடப் போயிருப்பாடா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்த எடத்துலயே வச்சுட்டு ஓடியாங்க" என்றது. ஆனால் அதற்குள் தெருவே கூடிவிட்டது. பெரியவர் ஒருவர், "மனுசக் கை பட்டுருச்சு. இனிமே தாய் சேத்துக்காது, கடிச்சுப் போட்டுரும்" என்றார். எங்களுக்கு வேண்டிய வார்த்தை அதுதான். கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்து, குட்டியை உள்ளே அடைத்தோம். பசும்பாலில் சீனி போட்டுப் பாலாடையில் புகட்டினோம். பள்ளிக்கூடத்துப் பையன்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு நாள் நான்தான் ஊருக்கு ராஜா.

முதல் ராத்திரி தோப்பு நாய்கள் ஒரே குரைப்பு. ஓடைப் பக்கமிருந்து உறுமலும் இல்லாத, அழுகையும் இல்லாத ஒரு சத்தம் வந்தது. ஆட்கள் டார்ச் லைட்டும் தகரமுமாகப் போய் வெடி போட்டு விரட்டினார்கள். இரண்டாம் ராத்திரியும் வந்தது. மறுபடியும் வெடி. மூன்றாம் ராத்திரி வரவில்லை. குட்டிக்கு அதற்குள் வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இன்னும் கொஞ்சம் பால் கொடுத்தோம். விடிகாலையில் அப்பத்தா பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களை எழுப்பியது. திட்டவில்லை. "போய்க் குழி தோண்டுங்க" என்று மட்டும் சொன்னது. தோப்பு ஓரத்து மாமரத்தடியில் புதைத்தோம். பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

இதுதான் கதை. இதைச் சொல்ல முடியாமல்தான் மற்றதைச் சொன்னேன்.

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் அருணாசலப் பிரதேசத்துக்காரர் ஒருவர். 2016-இலிருந்து இரண்டு வருஷம் மின்கோபுரம் போடுகிற வேலையில் பாலுக்போங் பக்கம் இருந்தேன். அசாமும் அருணாசலமும் சந்திக்கிற எல்லை ஊர். இந்தியில் 'பாலு' என்றால் கரடி. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே, கரடி நம்மை விடாது போலிருக்கிறதே என்று நினைத்தேன். (சிரிப்பு) பாலுகன் என்ற பழைய அரசன் பெயரால் வந்த ஊர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் சைட்டில் ஃபோர்மேனாக இருந்தவர் நிஷி இனத்தைச் சேர்ந்தவர். ஒருநாள் ராத்திரி மழை. வேலை இல்லை. கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல என் கரடிக் கதையை அவிழ்த்துவிட்டேன், கடைசி ஆண்டுப் பதிப்பை.

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேள்வி கேட்டார். "என்ன பால் கொடுத்தீங்க? காட்டுக்குள்ள தினம் எத்தனை மணி நேரம் கூட்டிக்கிட்டு நடந்தீங்க? எந்த மாசத்துல ராத்திரி வெளியில தங்க ஆரம்பிச்சது? உங்களைக் கண்டு ஒதுங்க ஆரம்பிச்சது எப்ப?" என்னால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. வைவா பரீட்சையில் எக்ஸ்டர்னலிடம் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அவர் எப்படி இவ்வளவு விவரமாகக் கேட்கிறார் என்று விசாரித்தால், நான் பொய்யாகச் சொன்ன வேலையை நிஜமாகவே செய்கிற இடம் அவர் ஊர்ப் பக்கம் இருக்கிறது.

பக்கே வனவிலங்குச் சரணாலயம். 862 சதுர கிலோமீட்டர் காடு. 2002-இலிருந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அதே 2002-இல் அருணாசல வனத்துறையும், இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும், விலங்கு நலத்துக்கான பன்னாட்டு நிதியமும் சேர்ந்து அங்கே ஒரு கரடி மறுவாழ்வு மையம் தொடங்கின. அந்தப் பக்கம் இருப்பது இமயமலைக் கறுப்புக் கரடி. நெஞ்சில் பிறை மாதிரி வெள்ளைக் கோடு இருக்கும். வேட்டையில் தாய் சுடப்பட்டு, குட்டி மட்டும் யார் வீட்டிலாவது கட்டிக் கிடக்கும். அப்படிப்பட்ட குட்டிகளை வாங்கி வளர்த்து, திரும்பக் காட்டுக்கு அனுப்புவதுதான் மையத்தின் வேலை.

முதலில் புட்டிப்பால். நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனியே வைக்கிறார்கள். பல் வந்து, கால் ஊன்றி ஓடுகிற பருவம் வந்ததும், காப்பாளர் ஒருவர் குட்டிகளைக் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போகிறார். அவர் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. எது பழம், எது எறும்புப் புற்று, எந்த மரம் ஏறத் தோது என்பதைக் குட்டிகள் தாங்களே முகர்ந்து, கடித்து, விழுந்து கண்டுபிடிக்கின்றன. பயம் வந்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் அவர். முதலில் சில மணி நேரம், பிறகு பகல் முழுக்க, பிறகு காட்டுக்குள்ளேயே தங்கல் என்று மாதக்கணக்கில் நீளும். மெல்ல மெல்லக் குட்டி தூரம் போகத் தொடங்கும். ராத்திரி திரும்பி வராது. ஒருநாள் காப்பாளரைக் கண்டாலே ஒதுங்கும். அன்றைக்குத்தான் அவர் வேலை பலித்தது என்று அர்த்தம். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவர், அது தன்னைக் கண்டு ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். என் பொய்யில் கரடி வேலி வரைக்கும் வந்து என்னை மோப்பம் பிடித்தது அல்லவா? அப்படி வந்திருந்தால் நான் தோற்றுப்போனவன். ஃபோர்மேன் என்னிடம் சொன்னதும் அதுதான்: "ஆளைத் தேடி வர்ற கரடியைக் காட்டுல விட முடியாது சார். அது ஊருக்குள்ள வரும். யாரையாவது அடிக்கும். கடைசியில அதைத்தான் கொல்லுவாங்க."

காட்டில் விடும்போது கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டுகிறார்கள். நம் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குப் பிடித்த விஷயம் இது. பட்டையில் இருக்கும் சின்ன டிரான்ஸ்மிட்டர் விட்டுவிட்டு 'டிக் டிக்' என்று சிக்னல் அனுப்பும். கையில் யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, எந்தத் திசையில் சத்தம் கூடுகிறது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தூர்தர்ஷன் தெரிய மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பினோமே, அதே வேலை. வளர்கிற கரடிக்கு மாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. கழுத்து பெருக்கும், பட்டை பெருக்காது, கடைசியில் இறுக்கிவிடும். அதற்காகப் பட்டையின் நடுவில் பருத்தித் துணித் துண்டு ஒன்றை வைத்துத் தைப்பார்கள். மழையிலும் வெயிலிலும் துணி இற்று, பட்டை தானாகக் கழன்று விழுந்துவிடும். நாம் நாலு வருஷம் படித்ததெல்லாம் எப்படி உடையாமல் செய்வது என்பதுதான். சரியான நேரத்தில் உடைகிற மாதிரி செய்வதும் இன்ஜினீயரிங்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த மையத்தைப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன். ஃபோர்மேன் கேட்டார்: "நீங்க பாத்தா உங்களுக்குச் சந்தோஷம். குட்டிக்கு என்ன லாபம்? புது மனுச வாடை ஒண்ணு கூடும், அவ்வளவுதானே?" நான் போகவில்லை. மூன்று நாள் ஊரையே கூட்டிக் காட்டியவன், இந்தத் தடவை பார்க்காமல் திரும்பினேன். கரடிகளுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இதே வேலையை ரஷ்யாவில் வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே ட்வேர் பகுதியில் புபோனித்ஸி என்ற சின்னக் கிராமம். வாலன்டின் பஜெத்னோவ் என்ற உயிரியலாளரும் அவர் குடும்பத்தாரும் 1990-களிலிருந்து அநாதைப் பழுப்புக் கரடிக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகள். அங்கே குட்டியின் முன்னால் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மனிதக் குரலே அதற்குப் பழகக்கூடாது என்பது விதி. சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். கொஞ்சக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பக்கேயில் கூட நடக்கிறார்கள், ரஷ்யாவில் வாயைத் திறப்பதில்லை. வழிதான் வேறே தவிர, குட்டி நம்முடையதாகிவிடக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

நம்முடையதாகிவிட்டால் என்ன ஆகும்? 2006-இல் ஒடிசாவில் கியோஞ்சர் மாவட்டத்துப் பழங்குடித் தந்தை ஒருவர், காட்டில் தனியாகக் கிடந்த கரடிக்குட்டியைத் தூக்கி வந்து, தாயில்லாத தன் சிறுமகளுக்குத் துணையாக வளர்த்த செய்தி வெளியே வந்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். ஆனால் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கரடியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அவரைக் கைது செய்தார்கள். கரடியை நந்தன்கானன் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே அது சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தது. அப்பா சிறையில், மகள் தனியாக, கரடி கூண்டில். மூன்று பேருக்கும் நட்டம். காட்டுக்குப் போகத் தெரியாத கரடியை யாராலும் காட்டுக்கு அனுப்ப முடியாது.

தாயைக் கொன்று குட்டியைத் திருடிய கதைகளும் உண்டு. என் வயதுக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும் ஞாபகம் இருக்கும், ஊருக்கு ஊர் கரடி வித்தைக்காரர் வருவார். கரடி முடியை வாங்கித் தாயத்துக்குள் வைத்துக் குழந்தைக்குக் கட்டுவார்கள், பயம் தெளியும் என்று. அந்தக் கரடிகள் எல்லாம் காட்டிலிருந்து குட்டியாக எடுக்கப்பட்டவை. மூக்கில் துளை போட்டுக் கயிறு கோத்து, பல்லைத் தட்டிப் பழக்கினார்கள். 1998-இல் மத்திய அரசு கரடியை வித்தைக்குப் பழக்குவதைத் தடை செய்தது. 2002 முதல் 2009 வரை 600-க்கும் மேற்பட்ட கரடிகளை 'வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பு மீட்டு, ஆக்ரா பக்கத்துச் சூர் சரோவர் சரணாலயத்திலும், பெங்களூர் பன்னர்கட்டா முதலிய இடங்களிலும் வைத்துப் பராமரித்தது. கரடியை நம்பிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலும் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அந்தக் கரடிகளில் ஒன்றைக்கூடக் காட்டில் விட முடியவில்லை. பல் இல்லை, பழக்கமும் இல்லை. ஆயுள் முழுக்கக் கஞ்சி ஊற்ற வேண்டியதுதான்.

நம் மலையில் இருக்கும் கரடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இது தேன்கரடி. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதன் நகத்தைப் பார்த்துவிட்டு, தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் சோம்பல் விலங்கின் வகை என்று பெயர் வைத்துவிட்டார். இங்கிலீஷில் அந்தச் சோம்பேறிப் பட்டம் இன்றைக்கும் போகவில்லை. பட்டப்பெயரின் கஷ்டம் எனக்குத் தெரியும்! (சிரிப்பு) மேல் வரிசையில் நடு இரண்டு முன்பற்கள் இதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சும். புற்றை நகத்தால் கிழித்து, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய் மாதிரி குவித்து, முதலில் மண்ணை ஊதித் தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். வாக்குவம் கிளீனர்தான். நூறு மீட்டருக்கு அப்பாலும் சத்தம் கேட்கும். நாவல், இலந்தை, இலுப்பைப் பூ, கொன்றைக் காய் எல்லாம் தின்னும்.

குட்டி பிறக்கும்போது கண் திறந்திருக்காது. குகையில் இரண்டு மூன்று மாதம் இருக்கும். வெளியே வந்தபிறகு தாயின் முதுகில் ஏறிக்கொண்டு ஊர் சுற்றும். உலகத்தில் எட்டு வகைக் கரடிகளில் குட்டியை வழக்கமாக முதுகில் சுமப்பது இது ஒன்றுதான். இரண்டு வருஷம்கூடத் தாயோடு இருக்கும். குகையில் குட்டியை விட்டுவிட்டு இரை தேடப் போவது தாயின் வழக்கம். அப்பத்தா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை.

கரடிப் பாலில் கொழுப்பு அதிகம், பால்சர்க்கரை மிகக் குறைவு. பசும்பால் நேர் எதிர். அதிலும் நாங்கள் சீனி வேறு போட்டோம். வயிறு தாங்குமா? யானைக்குட்டி விஷயத்திலும் இதைப் பார்த்தோம். முதுமலை தெப்பக்காட்டில் அநாதை யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதே மாதம் தர்மபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டி ஒன்றை அவர்களிடம்தான் ஒப்படைத்தார்கள். வயிற்றுப்போக்கு கண்டு அந்த மாதக் கடைசியிலேயே அது இறந்துவிட்டது. கைதேர்ந்தவர்களுக்கே அப்படி. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நாங்கள் எம்மாத்திரம்?

"மனுசக் கை பட்டா தாய் சேத்துக்காது" என்றார்களே, அதுவும் தப்பு. மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் அகப்படும். வனத்துறையும் கால்நடை மருத்துவர்களும் குட்டியைச் சோதித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். ராத்திரி தாய் வந்து கவ்விக்கொண்டு போகிறது. ஒன்றிரண்டு அல்ல, பல தடவை நடந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் குட்டியின் தாயும் இரண்டு ராத்திரி வந்தது. பஞ்சாரத்தை ஓடைக் கரையில் கொண்டு போய்த் திறந்து வைத்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக வெடி போட்டோம். அது அநாதைக் குட்டி அல்ல, நண்பர்களே. நாங்கள்தான் அதை அநாதை ஆக்கினோம்.

சரி, இனிமேல் ஆக வேண்டியதைப் பேசுவோம். நம்மில் பல பேருக்கு மலையடிவாரத்தில் தோப்பு இருக்கிறது. இல்லாதவர்களும் ரிடையர் ஆனபிறகு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, என் தொழில் சம்பந்தப்பட்டது. வேலிக்கு நேர் கரண்ட் கொடுக்காதீர்கள். முறையான சோலார் வேலியில் எனர்ஜைசர் என்ற கருவி இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும், ஆனால் நொடிக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்கு மட்டும். தொட்டால் சுரீர் என்று அடிக்கும், விலங்கு பின்வாங்கிவிடும். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு 230 வோல்ட்டை நேராக விட்டால் நிலைமை வேறு. கரண்ட் நிற்காது, தசை இறுகிவிடும், தொட்டது விட முடியாமல் சாகும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, தாய் விழுந்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்தன. குட்டிகள் அநாதையாவது இப்படித்தான். கரடிக்கும் பன்றிக்கும் மட்டுமல்ல, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதனுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது, தோப்பில் பாழுங்கிணறு இருந்தால் சுற்றுச்சுவர் கட்டுங்கள். சுருக்குக் கம்பி வைக்க யாரையும் விடாதீர்கள்.

மூன்றாவது, தனியாக ஒரு குட்டியைப் பார்த்தால் தொடாதீர்கள். கூட்டம் கூட்டாதீர்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். தாய் பக்கத்திலேயே இருக்கலாம். குட்டியோடு இருக்கும் கரடியைப்போல் ஆபத்தான விலங்கு நம் காட்டில் குறைவு. வந்த வழியே திரும்பி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். நம் தலைக்கு மேலே தெரிகிற மலை 2013-இலிருந்து கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். தெற்கே மேகமலை 2021-இல் திருவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அங்கே சொல்வதற்கு ஆள் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு கல்லூரிச் சந்திப்பில் ஏன் பேச வேண்டும்? இரண்டாம் ஆண்டில் என் அப்பா தவறியபோது, இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியர் ஒருவர் பரீட்சை ஃபீஸ் கட்டினார். யார் கட்டினது என்று எனக்குத் தெரியக்கூடாது என்று ஆபீசில் சொல்லியிருந்தார். கடைசி ஆண்டில்தான் தெரிந்தது. நன்றி சொல்லப் போனேன். "வேலை கிடைச்சுதா? அப்ப போ, போய்ப் பாரு. இங்க ஏன் சுத்திக்கிட்டு இருக்க?" என்று விரட்டிவிட்டார். அன்றைக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கே காப்பாளர்களைப் பற்றிக் கேட்டபிறகுதான் அந்த விரட்டலின் அர்த்தம் புரிந்தது. சார், பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். (கைதட்டல்) நம் சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற உதவித்தொகையை இந்த ஆண்டும் அப்படியே கொடுப்போம். மேடையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பொதுக்குழுவில் இதை யோசியுங்கள்.

போன மாதம் என் மகள் கேட்டாள், "அப்பா, உங்களை ஏன் எல்லாரும் கரடின்னு கூப்பிடுறாங்க?" அவளுக்கு இப்போது எனக்கிருந்த அதே வயது. கடைசி ஆண்டுப் பதிப்பைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னொரு குட்டி என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் அந்த இன்னொரு குட்டியை நினைத்தே பார்க்கவில்லை. அது பாறைக்குள் ஓடிப்போனதே, அதைத் தாய் முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கும் என்று சொன்னேன். அது பொய்யா நிஜமா தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

குட்டியைப் புதைத்த மாமரம் இப்போது இல்லை. பட்டுப்போய் வெட்டியாயிற்று. அப்பத்தாவும் இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டதில் மனசு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இனிமேலும் என்னைக் கரடி என்றே கூப்பிடுங்கள், வருத்தமில்லை. கூப்பிடும்போது அந்தப் பஞ்சாரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் டீ முடிந்ததும் ஓடைப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் பொழுது இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அது அவர்கள் வருகிற நேரம்.